5700 வகுப்பு பானியர் டேங்க் இன்ஜின்: பித்தளை மாடலுக்கு எது சரியான தொட்டி?

குடந்தை மாடலர்:
பிரிட்டனின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் 5700 வகுப்பு நீராவி இன்ஜினை 1:24 அளவில் செய்கிறோம். ஓடாத மாடல்தான். புகைபோக்கியும் டோமும் (பாய்லர் மேலுள்ள குமிழ்) நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறையில் வார்ப்பு, மற்றதெல்லாம் 0.5 மி.மீ. பித்தளைத் தகடு. தண்ணீர்த் தொட்டி ஏன் ஃபுட்பிளேட்டில் (சக்கரத்துக்கு மேலுள்ள தட்டுத் தளம்) உட்காராமல் பாய்லரின் இரண்டு பக்கமும் தொங்குகிறது? சில படங்களில் கேபுக்கு (டிரைவர் அறை) முன்னால் கீழே வரை இறங்கியும் இருக்கிறதே?

பொன்மலை ஷெட்:
தம்பி, காரணம் ஃபயர்பாக்ஸ், அதாவது கரி எரியும் பெட்டி. அந்த ரயில்வேயின் பெல்பேர் ஃபயர்பாக்ஸுக்குத் தலை தட்டை, ஓரம் சதுரம். குதிரைச் சேணம் போல பாய்லர் மேல் கவிழும் வளைந்த தொட்டியை அதன்மேல் பொருத்துவது பெரும்பாடு. அதனால் இரண்டு பக்கமும் தனித்தனிப் பெட்டி, அதுதான் பானியர் டேங்க். இன்னொரு லாபமும் உண்டு: சிலிண்டர், ஸ்டீபன்சன் வால்வு கியர் (சிலிண்டருக்கு நீராவியைத் திறந்து மூடும் அமைப்பு) எல்லாமே சட்டத்துக்கு உள்ளே இருக்கின்றன. தொட்டிக்கும் ஃபுட்பிளேட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் கையை விட்டு எண்ணெய் ஊற்ற முடியும். மாடலில் அந்த இடைவெளியை அடைத்துவிடாதீர்கள், இந்த இன்ஜினின் முகமே அதுதான். தொட்டியில் 1,200 கேலன், அதாவது சுமார் 5,450 லிட்டர் தண்ணீர்.

கீழே இறங்கிய தொட்டி 9700 முதல் 9710 வரையிலான 11 இன்ஜின்களுக்கு மட்டும். ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தைக்கு லண்டன் சுரங்கப்பாதை வழியே சரக்கு இழுத்தவை. சுரங்கத்தில் புகைபோக்கி வழியாக நீராவியைக் கக்கக் கூடாதென்று அதைத் தொட்டித் தண்ணீருக்கே திருப்பினார்கள். தண்ணீர் சூடேறிவிடும். பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் இன்ஜெக்டருக்கோ குளிர்ந்த தண்ணீர் வேண்டும். நீராவி அதில் பட்டுச் சுருங்கினால்தான் பாய்லருக்குள் தள்ளும் வேகம் வரும். சூட்டில் சுருங்காது, தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாயில் கொட்டிவிடும். அதனால் அவற்றுக்கு நீராவி பம்ப். அந்தத் தொட்டியைச் செய்தால் பம்பையும் வைத்தாக வேண்டும்.

மாயவரம் லைன்:
அளவு சொல்லிவிடுகிறேன். சக்கரம் 4 அடி 7½ அங்குலம், மாடலில் 58.7 மி.மீ. எல்லோரும் சறுக்கும் இடம் அச்சு இடைவெளி. மூன்று அச்சும் சம தூரத்தில் இல்லை: முன்னதுக்கும் நடுவுக்கும் 7 அடி 3 அங்குலம் (92.1 மி.மீ.), நடுவுக்கும் பின்னதுக்கும் 8 அடி 3 அங்குலம் (104.8 மி.மீ.). ஃபயர்பாக்ஸ் இறங்க அந்த இடம் வேண்டும்.

பித்தளை ஆறும்போது ஏறக்குறைய 1.5 சதவீதம் சுருங்கும். 40 மி.மீ. டோமுக்கு மரப் பேட்டர்ன் (வார்ப்பு அச்சு எடுக்கும் மாதிரி) 40.6 மி.மீ. இருக்கட்டும்.

குடந்தை மாடலர்:
நன்றி சார். எந்த நம்பர் போடலாம்?

பொன்மலை ஷெட்:
முதலில் கேபைப் பாருங்கள். 1929இல் வந்த முதல் வரிசைக்கு வட்ட ஜன்னல். 1933 முதல் வந்த 8750 வரிசைக்கு உயர்ந்த கேப், சதுர ஜன்னல். 1950க்குள் மொத்தம் 863 கட்டினார்கள், நம்பரும் கேபும் பொருந்தாவிட்டால் தெரிந்தவர் உடனே கண்டுபிடிப்பார். வட்ட ஜன்னல் என்றால் 7752 என் விருப்பம்: லண்டன் டிரான்ஸ்போர்ட் வாங்கி L94 என்று மெரூன் வண்ணம் பூசி, 1971 ஜூன் வரை ஓட்டியது. சாதாரணத் தொட்டிதான், பம்ப் வேலை மிச்சம்.

மாயவரம் லைன்:
ஒன்று விட்டுப்போச்சு. தகடுகளைப் பற்றவைக்கும்போது பூசும் ஃபிளக்ஸை (பற்று பிடிக்க உதவும் பசை) வெந்நீரில் சமையல் சோடா கலந்து அன்றைக்கே கழுவிவிடுங்கள். இல்லாவிட்டால் நம்ம ஐப்பசி ஈரத்துக்கு மூலையெல்லாம் பச்சை பூத்து, பெயின்ட் உரிந்துவரும்.