1492-இல் கெல்பன் எப்படி உயிரோடு இருப்பார்?

கோபுரக்காவலன்:
பகடைப்பித்தன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. தண்டையார்பேட்டையில் ஓராண்டாக, பகடை உருட்டிக் கதையாகவே ஆடும் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) விளையாட்டில், ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற கற்பனை உலகை வைத்து ஒரு கேம்பெய்ன், அதாவது தொடர்கதை ஆட்டம், நடத்தி வருகிறாராம். அந்த உலகின் வாட்டர்டீப் நகரத்தில், அங்குள்ள டேல் ஆண்டுக்கணக்கின்படி 1492-இல் நடக்கும் அந்தக் கதையில் மந்திரவாதி கெல்பன் அருன்சன் நேரில் வந்து ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுக்கிறாராம். "அச்சில் யாருடைய உலகமாக இருந்தாலும் மேசையில் அது என் உலகம்" என்று பெருமையாக வேறு அறிவித்திருக்கிறார். கெல்பன் இறந்தது 1374-இல். 118 ஆண்டுகள் கழிந்த பிறகு, பிளாக்ஸ்டாஃப் என்ற அவருடைய பட்டத்தோடு அவருடைய கோபுரத்தில் இருப்பவர் வஜ்ரா சஃபார். நகரத்தின் தலைவர்களில் முகமூடி அணியாத ஒரே ஒருவரான லேரல் சில்வர்ஹேண்ட், கெல்பனின் துணைவியாக வாழ்ந்து அவரை இழந்தவர். கெல்பன் உயிரோடு இருந்தால் வஜ்ரா எதற்கு? லேரலின் துயரத்துக்குத்தான் என்ன பொருள்? ஒரு செங்கல்லை உருவிவிட்டுச் சுவர் அப்படியே நிற்கிறது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

பகடைப்பித்தன்:
என் மேசையில் ஆடும் நான்கு பேரில் இருவர் துறைமுகத்தில் இரவு வேலை பார்ப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் கிடைப்பதே பெரிது என்று வருகிறவர்கள் அந்த உலகத்து நாவல்களைப் படித்துவிட்டுத்தான் பகடையைத் தொட வேண்டும் என்கிறீர்களா? எட் கிரீன்வுட் சிறுவனாக இருந்தபோது தம் கதைகளுக்காகப் படைத்த உலகம் 1987-இல் விளையாட்டுப் பெட்டியாக விற்பனைக்கு வந்ததே, வாங்கியவர்கள் ஆட வேண்டும் என்பதற்காகத்தான். 2018-இல் வந்த வாட்டர்டீப் சாகசப் புத்தகத்தையே பாருங்கள். ஒளித்து வைத்த ஐந்து லட்சம் பொற்காசுகளைத் தேடி அலையும் வில்லன் யார் என்பதை, பருவத்துக்கு ஒருவராக நான்கு பேரைக் கொடுத்து, ஆட்டத்தை நடத்தும் டி.எம்.மின் தேர்வுக்கே விட்டிருக்கிறார்கள். அந்த நால்வரில் ஒருவனான மான்ஷூன் ஒரு நகலுடல். மான்ஷூனுக்கு இன்னொரு உடல் கிடைக்கலாம், கெல்பனுக்குக் கிடைக்கக் கூடாதா?

கோபுரக்காவலன்:
மான்ஷூனின் நகல்கள் அந்த உலகத்தின் வரலாற்றுக்குள்ளேயே காரணத்தோடு சொல்லப்பட்டவை. அவன் தனக்கு நகல்களைச் செய்து வைத்தான், அவை ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு ஒன்றையொன்று வேட்டையாடின, மிஞ்சியவை பல ஆண்டுகளுக்குப் பிறகும் தலைகாட்டுகின்றன. உங்கள் கெல்பனுக்கு அப்படி என்ன காரணம் இருக்கிறது? வில்லன் யார் என்று தேர்ந்தெடுக்கச் சொன்னவர்கள், இறந்தவர்களில் யாரை எழுப்பலாம் என்றும் தேர்ந்தெடுக்கச் சொன்னார்களா? தம் கற்பனைக்கு வெற்றிடம் வேண்டும் என்கிற டி.எம்.களுக்காகவே தொடக்கக் காலத்தில் செம்பியா என்ற நாட்டை விவரிக்காமல் விட்டு வைத்தார்கள். அங்கே போய் எதை வேண்டுமானாலும் கட்டியிருக்கலாம். 1374 என்பது கருத்து அல்ல, ஆண்டு.

செம்பியத்துக்காரன்:
செம்பியா என்றதும் பேச வேண்டியதாயிற்று. பெயர் ஒற்றுமையால் அல்ல, நான் நடத்திய கேம்பெய்ன் முழுவதும் அங்கேதான் நடந்தது. கோபுரக்காவலன் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. டி.எம்.களுக்கென்று ஒதுக்கிய அந்த நாட்டையும் பின்னால் வந்த நாவல்கள் குடும்பம் குடும்பமாக நிரப்பிவிட்டன. அப்படியென்றால் நாங்கள் அங்கே கட்டியதெல்லாம் ஒரே நாளில் தவறாகிவிட்டதா? என் ஆட்டக்காரர்கள் எரித்த சந்தையை நான் திரும்பக் கட்ட வேண்டுமா?

கோபுரக்காவலன்:
நீங்கள் கட்டும்போது அங்கே எதுவும் இல்லை, அதனால் உங்கள் மேசையில் தவறே இல்லை. பகடைப்பித்தன் கட்டும்போது அங்கே ஒரு கல்லறை இருந்தது. இந்த வேறுபாடு தெரியாதவரா நீங்கள்?

வண்ணை வாசகி:
கெல்பன் இறந்துவிட்டார் என்பதில் நான் கோபுரக்காவலன் பக்கம். ஆனால் எனக்கு வலிப்பது வேறு இடம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கேம்பெய்னில் மந்திரக்காரியாக ஆடினேன். 1385-இல் மந்திர தேவி மிஸ்ட்ரா கொல்லப்பட்டு மந்திரமே சிதறிய பேரழிவை வைத்து, அதில் ஆசிரியரை இழந்தவளாக என் பாத்திரத்துக்கு ஒரு பழங்கதை எழுதிக் கொடுத்தேன். ஆறாவது செஷனில் டி.எம். அமைதியாக, "என் உலகில் அந்தப் பேரழிவு நடக்கவே இல்லை" என்றார். நான் எழுதிக் கொண்டு போன நான்கு பக்கங்களும் அன்றிரவே குப்பைக்குப் போயின. மாற்றுங்கள், ஆனால் முதல் நாள் கூடும்போதே, எந்த ஆண்டு வரை புத்தகம் செல்லும், எது செல்லாது என்று சொல்லிவிடுங்கள். படித்தவர்களுக்கு அந்தப் பெயர்கள் வெறும் பெயர்கள் அல்ல.

பகடைப்பித்தன்:
அம்மா, உங்களுக்கு நேர்ந்தது தவறுதான். என் மேசையில் யாருக்கும் அப்படி நேரவில்லை. கெல்பன் எப்படி வந்தார் என்பதை 14-ஆவது செஷனில் விளக்கினேன், நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். ஒரு கேள்வி கேட்கிறேன். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் நம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போய்விட்டது. போகாமல் படையை இறக்கியிருந்தால் என்று நான் ஒரு கதை நடத்தினால், அது சென்னைக் கதை இல்லை என்பீர்களா?

கோபுரக்காவலன்:
நல்ல கேள்வி, அதற்கான பதில் உங்களுக்கு எதிராகவே இருக்கிறது. எம்டன் வந்து நின்ற அந்த நிமிடம் வரை எல்லாம் நடந்தபடி இருந்து, அதன்பின் ஆட்டக்காரர்களின் செயலால் சரித்திரம் திரும்பினால், அதைக் கைதட்டி வரவேற்பவன் நான். லேரலையே அவர்கள் கவிழ்க்கட்டும், நகரத்தையே கொளுத்தட்டும், அது பகடை கொடுத்த உரிமை. ராயபுரம் ரயில் நிலையம் 1856-இல் திறக்கப்படவே இல்லை என்று நீங்களாகவே முடிவு செய்துகொண்டு, அதை மேசையில் யாருக்கும் சொல்லாமல் கதையைத் தொடங்குவது வேறு. உங்கள் ஆட்டக்காரர்கள் 13 செஷன்கள் ஒரு பொய்யான வாட்டர்டீப்பில் நடந்திருக்கிறார்கள். அவர்கள் நாளை வேறொரு மேசையில் உட்கார்ந்து கெல்பனைத் தேடும்போது யார் பதில் சொல்வது?

செம்பியத்துக்காரன்:
பொய்யான வாட்டர்டீப் என்றால் உண்மையான வாட்டர்டீப் எங்கே இருக்கிறது அண்ணா, எண்ணூர் தாண்டியா?

கோபுரக்காவலன்:
புத்தகத்தில் இருக்கிறது தம்பி. படித்தவர்களுக்குத் தெரியும்.

பகடைப்பித்தன்:
இந்தத் தொனிதான் எனக்குப் பழக்கமானது. சென்ற ஆண்டு ராயபுரத்து மொட்டை மாடியில் புதிதாக வந்த ஒரு பையன், துறைமுக வட்டாரத்து மதுக்கடைக்குத் தானே ஒரு பெயர் வைத்தான் என்பதற்காக, புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு 40 நிமிடம் ஆட்டத்தை நிறுத்தியவர் நீங்கள். அந்தப் பையன் அதன்பிறகு வரவே இல்லை. ஒரு மந்திரவாதி 1374-இல் இறந்தாரா என்பதைவிட எனக்கு அந்தப் பையன் போனதுதான் பெரிது.

கோபுரக்காவலன்:
அந்த வட்டாரத்தில் பெயரோடு எத்தனையோ கடைகள் இருக்கும்போது புதிய பெயர் எதற்கு என்று கேட்டேன், அவ்வளவுதான். 40 நிமிடம் என்பதும் மிகை. அன்று என் புத்தகத்தை இரவல் வாங்கிச் சென்றவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். நான்கு மாதம் கழித்து, வாட்டர்டீப் வரைபடத்தின் மேல் அத்தோ நூடுல்ஸின் எண்ணெய்க் கறையோடு திரும்பி வந்தது. துறைமுக வட்டாரம் முழுவதும் மஞ்சளாகிவிட்டது.

பகடைப்பித்தன்:
கறைக்கு அன்றே மன்னிப்புக் கேட்டேன். கெல்பனுக்குக் கேட்க மாட்டேன்.

வண்ணை வாசகி:
இருவரும் நான் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. முதல் நாளே சொல்வதில் உங்களுக்கு என்ன தடை?

பகடைப்பித்தன்:
முதல் நாளே சொல்லியிருந்தால் 14-ஆவது செஷன் கிடைத்திருக்காது.

கோபுரக்காவலன்:
ஆக, மறைத்தேன் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். லேரலும் வஜ்ராவும் உங்கள் கதையில் இப்போது என்ன செய்கிறார்கள் என்று முதல் பதிவிலேயே கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை. அவர் இறந்தது 1374-இல்.