சீனிப் போத்தலை ஒதுக்கி வைத்த பிறகு எங்கள் தேத்தண்ணி

ஹட்டன் டீச்சர்:

போன மார்கழியில் கிளினிக்குக்குப் போயிருந்தேன். சோறு எவ்வளவு, ரொட்டி எத்தனை என்று கேட்பார்கள் என நினைத்துக்கொண்டு போனால், நர்ஸ் கேட்டது வேறு. "ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி குடிப்பீங்க டீச்சர்?" விரல் மடக்கி எண்ணினேன். விடிய எழும்பியதும் ஒன்று, பள்ளிக்கூடம் போகுமுன் ஒன்று, இடைவேளைக்கு ஒன்று, வீடு வந்ததும் ஒன்று, விளக்கு வைத்தபின் ஒன்று. ஐந்து. "சீனி?" "கோப்பைக்கு மூணு கரண்டி."

மகளிடம் கேக் செய்வதற்கு வாங்கிய சின்னத் தராசு இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் எங்கள் சீனிப் போத்தல் கரண்டியை அதில் வைத்துப் பார்த்தேன். தட்டி அள்ளினால் 4 கிராம். ஆனால் நம் வீடுகளில் யார் தட்டி அள்ளுகிறார்கள்? கை போகிற போக்கில் அள்ளினால் 6 கிராம். பதினைந்து கரண்டிக்கு 90 கிராம். ஒரு கிராம் சீனிக்கு 4 கலோரி, ஆக தேத்தண்ணியில் மட்டும் 360 கலோரி. ஒரு தட்டுச் சோறு கூடுதலாகச் சாப்பிட்ட கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட ஆலோசனையில், ஒரு நாளைக்குச் சேர்த்துக்கொள்ளும் சீனி 25 கிராம் அளவுக்குள் இருந்தால் மிக நல்லது என்கிறது. மாதக் கணக்கும் பார்த்தேன். நான் ஒருத்தி மட்டும் 2.7 கிலோ சீனி குடித்திருக்கிறேன். மாதச் சாமான் துண்டில் சீனி ஏன் எப்போதும் முதல் வரியில் இருந்தது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அடுத்த நாளே அடியோடு நிறுத்தினேன். மூன்று நாள் தாங்கவில்லை. கசப்பு தொண்டையைப் பிடித்தது, தலை வலித்தது, பிள்ளைகள் மீது எரிந்து விழுந்தேன். நாலாம் நாள் பழையபடி மூன்று கரண்டி.

அப்போதுதான் அம்மாயி ஞாபகம் வந்தது. பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு லயத்துக்கு, அதுதான் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்ததும் பேணி நிறையச் சாயம், அதாவது பால் இல்லாத தேத்தண்ணி, ஊற்றிக்கொள்வார். சீனியைச் சாயத்தில் போடமாட்டார். இடது உள்ளங்கையில் ஒரு கரண்டி வைத்துக்கொண்டு, நாக்கு நுனியால் தொட்டு, ஒரு மிடறு குடிப்பார். திரும்பத் தொட்டு, ஒரு மிடறு. பேணி முடிந்தாலும் கையில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும், அதை எனக்கு நக்கக் கொடுப்பார். கரைத்துக் குடித்தால் மூன்று கரண்டி கேட்கிற நாக்கு, நேரே தொட்டால் ஒரு கரண்டியில் அடங்கிவிடுகிறது. நானும் அப்படியே செய்தேன். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. கித்துள் மரத்துக் கருப்பட்டி ஒரு சின்னத் துண்டு கடித்துக்கொண்டு குடித்தால் இன்னும் நல்லது. கலோரியில் அதுவும் சீனிதான், ஆனால் துண்டு எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிகிறது.

இன்னொன்றையும் கண்டுபிடித்தேன், எனக்கு இதுதான் பெரிய விஷயம். எங்கள் வீட்டில் விடிய நான்கரைக்குக் கேத்தலில் தூளைப் போட்டால், அது ஒன்பது மணிவரை அடுப்பு ஓரத்தில் கொதித்துக்கொண்டே கிடக்கும். சாயம் கறுத்து, நாக்கில் ஒட்டிப் பிடிக்கும். அந்தக் கசப்பை மறைக்கத்தான் இத்தனை வருஷமும் சீனி போட்டிருக்கிறோம்! இப்போது தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் இறக்கி, ஆளுக்கு ஒரு கரண்டி தூள் போட்டு, மூடி, மூன்று நிமிஷம். அதற்குமேல் ஒரு நொடியும் வைப்பதில்லை, வடித்துவிடுவேன். கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி ஜன்னல் பக்கம் பிடித்தால் செம்பு நிறத்தில் அடி தெரியும். வாசம் முதலில் மூக்குக்கு வரும். அந்த வாசத்துக்கு அரைக் கரண்டி சீனியே அதிகம்.

மாமிக்குத்தான் கோபம். "வந்தவங்களுக்குச் சீனி குறைச்சுக் குடுத்தா இல்லாத வீடுன்னு நினைக்கமாட்டாங்களா?" என்று கேட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சீனி போட்டுக் கொடுப்பதுதான் நம் லயத்தில் மரியாதை. அதனால் இப்போது தட்டில் சீனிக் கிண்ணத்தைத் தனியாக வைத்துக் கொடுக்கிறேன். வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

நீங்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

பண்டாரவளை ஆட்டோக்காரர்:

டீச்சர், எங்களுக்கு வீட்டுத் தேத்தண்ணியைவிடக் கடைத் தேத்தண்ணிதான் பிரச்சினை. ஸ்டாண்டில் நிற்கும்போது ஒரு ஹயர் முடித்து வந்தால் ஒரு பால்தேத்தண்ணி, ஒரு பணிஸ். நாளைக்கு நாலு தடவை. வயிறு சட்டைப் பொத்தானைத் தள்ளியது.

என்னை மாற்றியது 2022 பொருளாதார நெருக்கடி. அந்த வருஷம் பால்மா விலை ஏறிய வேகம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பெட்ரோல் வரிசை ஒரு பக்கம், பால்மா வரிசை ஒரு பக்கம். 400 கிராம் பக்கெட் ஆயிரத்தைத் தாண்டியபோது வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி, அதாவது பத்து கிராம். ஒரு பக்கெட்டுக்கு நாற்பது கோப்பை. கோப்பைக்குப் பாலுக்கு மட்டும் 25 ரூபா. ஐந்து பேர் வீட்டில் இரண்டு வேளை என்றால் நாலு நாளில் பக்கெட் காலி. அன்றிலிருந்து பால்மா சின்னவளுக்கு மட்டும். பெரியவர்கள் எல்லோரும் ப்ளேன்டீ. பத்து கிராம் பால்மாவில் 50 கலோரி இருக்கிறது என்று பிறகு பக்கெட்டின் பின்பக்கம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் பற்றாக்குறை என்றுதான் குடித்தேன். இஞ்சி ஒரு துண்டு தட்டிப் போட்டு, பனி விழுகிற காலையில் குடித்துப் பாருங்கள், பால் ஞாபகமே வராது. இன்றைக்குக் காசு இருந்தாலும் நான் ப்ளேன்டீதான் கேட்கிறேன். "அண்ணே, சீனி வேற" என்று கேட்டால் ஸ்டாண்டுக் கடை முதலாளி ஒரு கரண்டியைச் சின்னத் தட்டில் வைத்துத் தருவார். அவருக்கும் சீனி மிச்சம்.

மஸ்கெலியாப் பொடியன்:

எல்லோரும் தேத்தண்ணி பற்றியே எழுதுகிறீர்கள், நான் கோப்பிக்காரன். நம் ஆட்களை இந்தியாவிலிருந்து இந்த மலைக்கு நடத்திக் கூட்டிவந்ததே கோப்பிதானே. தேயிலை பிறகு வந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரத் துரை கண்டிப் பக்கம் லூல்கந்துரவில் தேயிலை நட்டார், 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது, அடுத்த இருபது வருஷத்துக்குள் கோப்பித் தோட்டம் அநேகமாக எல்லாம் போய்விட்டது. ஆனாலும் எங்கள் லயத்துக்குப் பின்னால் வேலி ஓரம் ஆறு கோப்பி மரம் இன்றைக்கும் நிற்கிறது.

நான் கண்டியில் வேலை செய்கிறேன். ஆபீஸ் நண்பர்களோடு கபேக்குப் போய்ப் பழகி, வாரம் மூன்று நாள் ஐஸ் கோப்பி. ஒன்று 850 ரூபா. மாதம் பத்தாயிரத்துக்குக் கிட்டப் போனது. தோட்டத்தில் அம்மா ஒரு வாரம் முழுக்கக் கொழுந்து பறித்துச் சம்பாதித்ததைவிட அது அதிகம். அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன லீவில் வீட்டுக்குப் போனபோது அப்பாயி கோப்பி வறுத்துக்கொண்டிருந்தார். சிவந்த பழமாகப் பார்த்துப் பறித்து, தோல் நீக்கி, ஊறவைத்துக் கழுவி, கூரைத் தகரத்தில் காயவைத்த கொட்டை. இரும்புத் தாச்சியில் விறகு நெருப்பைக் குறைத்து வைத்து, அகப்பையை நிறுத்தாமல் கிண்டினார். முதலில் பச்சைப்புல் வாசம், பிறகு ரொட்டி கருகுகிற மாதிரி ஒரு வாசம். திடீரென்று கொட்டை படபடவென்று வெடிக்கத் தொடங்கியது. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், நிறம் பிடித்ததும் சட்டென்று சுளகில் கொட்டிப் புடைத்தார். ஒரு பிடி மல்லியும் நாலு மிளகும் சேர்த்து உரலில் இடித்து, சலித்து, போத்தலில் அடைத்துத் தந்தார்.

அதை இப்போது கண்டி அறையில் போடுகிறேன். யக்கில் இரண்டு கரண்டி தூள், கொதிநீர், ஒரு தடவை கலக்கி, ஐந்து நிமிஷம் மூடி வைத்தால் மண்டி அடியில் தங்கிவிடும். மேலாக வடித்தால் போதும். வெறும் கோப்பியில் கலோரி இரண்டு மூன்றுதான், அது கணக்கிலேயே வராது. ஐஸ் கோப்பி ஆசை வந்தால் இரவே கெட்டியாகப் போட்டு பிரிஜ்ஜில் வைப்பேன், காலையில் டின் பால் ஒரே ஒரு மேசைக்கரண்டி. அதில் 65 கலோரி அளவு இருக்கும். முன்பு வீட்டில் கல்யாணத்துக்கு அடிக்கிற ஐஸ் கோப்பியில் கிளாஸுக்கு நாலைந்து கரண்டி டின் பால் போகும், அந்தக் கிளாஸ் ஒன்றே 300. கபேயை முற்றாக விடவில்லை. மாதம் ஒரு தடவை போகிறேன், அன்றைக்கு ஆசையாகக் குடிக்கிறேன்.

நுவரெலியா மாமி:

டீச்சர் மூன்று நிமிஷம் என்று எழுதியதற்கு ஒரு சின்னச் சேர்ப்பு. எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் கொஞ்சம் பெரிய இலைத்தூள் என்றால் நான் நாலரை நிமிஷம் வைக்கிறேன். டஸ்ட் என்கிற பொடித்தூள் என்றால் இரண்டரை போதும். கோப்பிக்கு இந்தச் சூடு சரியாகப் பொருந்தும், ஆறவிடாமல் அப்படியே ஊற்றலாம் தம்பி.

பொகவந்தலாவை, ஓய்வுபெற்ற மிட்வைஃப்:

பிள்ளைகளே, எல்லாம் நல்லது. ஆனால் ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். பால் இல்லாத சாயம் உடம்புக்கு நல்லது என்று எண்ணி, ரொட்டி சாப்பிடும்போதே கூடவே குடிக்காதீர்கள். தேயிலையில் உள்ள டானின் என்கிற துவர்ப்புச் சத்து சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். கோப்பியும் அப்படித்தான். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

நான் வேலை செய்த காலத்தில் லயம் லயமாக ஏறி இறங்கி இரும்பு மாத்திரை கொடுப்பேன். ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு மாதம் மாதம் ரத்தம் ஏறவே இல்லை. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள், நானே எண்ணிப் பார்த்தேன். ஒரு நாள் விடிய அவள் வீட்டுக்குப் போனேன். என் கண் முன்னாலேயே மாத்திரையை வாயில் போட்டு, சுடச்சுடத் தேத்தண்ணியில் விழுங்கினாள். பாவம், தண்ணியில் போடு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு பொறுக்காது. பிறகு எலுமிச்சம்பழத் தண்ணியில் போடச் சொன்னேன், புளிப்பு இரும்பைச் சேர உதவும். அதனால்தான் எங்கே பேச்சு வந்தாலும் இதைச் சொல்லிவிடுகிறேன்.

தலவாக்கலை அம்மா:

மகனுக்குக் கலர் சோடா பைத்தியம். போத்தலில் ஒட்டியிருக்கிற வட்டத்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். 2016இலிருந்து நம் இலங்கையில் அது போடவேண்டும்: 100 மில்லிக்கு 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, இடையில் என்றால் மஞ்சள். சிவப்பு வட்டம் போட்ட 400 மில்லி போத்தல் என்றால் குறைந்தது 44 கிராம். டீச்சர் மாதிரியே நானும் அவ்வளவு சீனியைக் கிளாஸில் அளந்து கொட்டிக் காட்டினேன். தட்டி அள்ளினால் பதினொரு கரண்டி. அவன் கண் விரிந்தது. இப்போது மல்லித்தண்ணியை ஆறவைத்து எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தால் குடிக்கிறான். சில நாள் அடம் பிடிப்பான், அதுவும் நடக்கும்.

ஹட்டன் டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. மிட்வைஃப் அம்மா, நீங்கள் எழுதியதை வாசித்த பிறகு காலைத் தேத்தண்ணியை எட்டரைக்குத் தள்ளிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கும் நாளைக்குச் சொல்கிறேன், அவர்களில் பாதிப்பேர் ரொட்டியும் சாயமுமாகத்தான் வருகிறார்கள்.

மஸ்கெலியாத் தம்பி, உங்கள் அப்பாயியிடம் கேட்டுச் சொல்லுங்கள், வேலி ஓரத்து மரத்தடியில் விழுந்து முளைத்த கன்று இருக்குமா? இரண்டு கிடைத்தாலும் போதும். எங்கள் வீட்டுப் பின்பக்கம் நிழலான இடம் ஒன்று சும்மா கிடக்கிறது, மழைக்கு முன் நட்டுவிடுவேன்.