பொருள்: ‘எமர்ஜிங் பிராக்டிஷனர்’ – புகுநிலைச் சிகிச்சையாளர்?

அன்புள்ள குழுவினருக்கு,

ஓவியம், நடனம், நாடகம் வழியாக மனத்துக்குத் தரும் கலைவழிச் சிகிச்சையின் சொற்பட்டியலில் இழுபறியாகவே கிடப்பது ‘எமர்ஜிங் பிராக்டிஷனர்’, அதாவது படிப்பை முடித்துத் தொழிலுக்குப் புதிதாக வருபவர், என்ற சொல்தான். இளம் சிகிச்சையாளர், பயிற்சிச் சிகிச்சையாளர், வளர்ந்துவரும் சிகிச்சையாளர் என்று மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றும் எனக்கு ஒட்டவில்லை. பல ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்துவிட்டு, நடுவயதில் முதுகலை படித்து இத்துறைக்கு வருபவர்கள் உண்டு. அவர்களை ‘இளம்’ என்பதா? ‘பயிற்சி’ என்றால் படிப்பே முடியவில்லை என்றாகிவிடும். ‘வளர்ந்துவரும்’ கச்சேரி நோட்டீஸில் போடுவது.

வயதை விட்டுவிட்டுப் படிநிலையைப் பார்ப்போம். அமெரிக்காவில் 1966இல் தொடங்கிய நடனச் சிகிச்சைச் சங்கத்தில் இரண்டு நிலைகள். முதல் நிலையில் பதிவானவர் மருத்துவமனையிலோ பள்ளியிலோ வேலை பார்க்கலாம். தனியே தொழில் நடத்தவும் பிறருக்குப் பயிற்சி தரவும் அடுத்த நிலை வேண்டும். அங்கே ஓவியச் சிகிச்சையில் ‘தற்காலிகப் பதிவு’ என்றே ஒரு படி உண்டு. பட்டம் வாங்கியாயிற்று, ஆட்களையும் பார்க்கிறார், ஆனால் மூத்தவர் ஒருவரின் கண் இருக்கிறது.

ஒரு குழந்தை, தான் வரைந்த வீட்டையே கறுப்பால் பூசி மூடிவிடுகிறது என்று வையுங்கள். ‘இது கோபம்’ என்று புதியவர் அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது. தூரிகை எப்போது கறுப்புக்குப் போனது, அந்த நேரம் தனக்குள் என்ன ஓடியது என்று குறித்துவைத்து மூத்தவரிடம் பேச வேண்டும். இப்படிப் பேசிப் பழகும் காலத்துக்குத்தான் பெயர் தேடுகிறோம். ‘புகுநிலைச் சிகிச்சையாளர்’ என்பது என் முன்மொழிவு.

---

ஐயா, வணக்கம்.

புகுநிலை நல்ல சொல். ஆனால் பிரித்தானியாவில் இந்தப் படி இல்லை. அங்கீகரித்த படிப்பை முடித்துப் பதிவேட்டில் ஏறியதும் ‘ஓவியச் சிகிச்சையாளர்’ என்ற சட்டப் பெயர் முழுதாகவே கிடைத்துவிடும். ‘புதியவர்’ என்பது அங்கே வெறும் அடைமொழி. ஆகவே பதிவுப் படிக்குப் புகுநிலை, பொதுவாகச் சொல்லப் ‘புதுவரவு’ என இரண்டாக வைக்கலாமே?

இன்னொன்று, ‘தெரபி’க்கு இங்கே சிலர் ‘ஆற்றுகை’ என்று எழுதுகிறார்கள். இலங்கையில் எங்களுக்கு ஆற்றுகை என்றால் மேடையில் நிகழ்த்துவது. ‘நாடக ஆற்றுகை’ என்று போட்டால் சனம் நுழைவுச்சீட்டு கேட்கும்!

---

அம்மா, நன்றி. ‘சிகிச்சை’யே இருக்கட்டும், வடசொல் என்று மல்லுக்கு நிற்பவர்கள் அதைவிடத் தெளிவான ஒன்றைத் தரட்டும். புகுநிலை, புதுவரவு இரண்டையும் ஏற்கிறேன்.

மிச்சம் இருப்பது ‘சூப்பர்விஷன்’, புதியவர் மூத்தவரிடம் பேசும் அந்த அமர்வு. ‘மேற்பார்வை’ என்றால் கட்டட வேலைதான் நினைவுக்கு வருகிறது. தடுமாறியதை மனம்விட்டுச் சொல்லக்கூடிய இடம் அது; ‘வழித்துணை அமர்வு’ எப்படி? மறுப்பிருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.