இழை: புவேர்ட்டோ ரிக்கோ இயலுக்குக் கலைச்சொல் ('இணை' படும் பாடு)

ச. எழுதியது:

அன்புடையீர்,

முதலாண்டு அரசறிவியல் தமிழ்ப் பாடநூலில், அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்ட கரீபியத் தீவான புவேர்ட்டோ ரிக்கோ பற்றிய இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். வரைவில் இப்படி ஒரு வரி நிற்கிறது: "அமெரிக்காவுடன் இணைக்கப்பட்ட, ஆனால் இணைக்கப்படாத ஆட்சிப்பகுதியான இந்தச் சுதந்திர இணை அரசில், இணைப்பை விரும்புவோரும் சுதந்திர இணைவை விரும்புவோரும்..."

ஒரே வாக்கியத்தில் ஐந்து 'இணை'. மூலத்தில் எல்லாம் வெவ்வேறு சொற்கள். 1898 பாரிஸ் உடன்படிக்கையில் ஸ்பெயினிடமிருந்து கைமாறியது ஒன்று. 1901இல் டவுன்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த 'அன்இன்கார்ப்பரேட்டட்' (நாட்டின் உறுப்பாகச் சேராத) என்ற நிலை இன்னொன்று. 1952இல் தீவுக்குச் சூட்டிய ஸ்பானியப் பெயர் 'எஸ்தாதோ லிப்ரே அசோசியாதோ' (சொல்லுக்குச் சொல்: அரசு, சுதந்திர, இணைந்த). தீவின் வருங்கால நிலை பற்றிய 2024 வாக்குச்சீட்டில் இருந்த 'ஃப்ரீ அசோசியேஷன்' பலாவு, மார்ஷல் தீவுகள் போன்ற தனிநாடுகள் அமெரிக்காவுடன் வைத்திருக்கும் உடன்படிக்கை ஏற்பாடு. மாணவருக்கு எப்படிப் பிரித்துச் சொல்வது?

தெ. எழுதியது:

1952இன் ஆங்கிலப் பெயர் 'காமன்வெல்த்' தானே? பொதுநலவாயம் என்று எழுதிவிடுங்கோ. இலங்கையில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். புதிதாக ஆக்கத் தேவையில்லை.

ச. எழுதியது:

தெரிந்த சொல் என்பதுதான் சிக்கல், அம்மா. பிரிட்டன் ஆண்ட நாடுகளின் கூட்டம் என்றுதான் பிள்ளைக்குத் தெரியும். காமன்வெல்த் போட்டியில் புவேர்ட்டோ ரிக்கோ ஏன் ஆடுவதில்லை என்று முதல் கேள்வி வரும். வர்ஜீனியா, பென்சில்வேனியா, மாசச்சூசெட்ஸ், கென்டக்கி நான்கும் தம்மைக் காமன்வெல்த் என்றே அழைத்துக்கொள்கின்றன, ஆனால் முழு மாநிலங்கள். அந்தச் சொல்லை வைத்து ஒரு நிலப்பகுதியின் சட்ட நிலையை அறிய முடியாது.

கோ. எழுதியது:

பொதுநலவாயத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளாதீர்கள். பொதுநல + ஆயம், வகரம் உடம்படுமெய். ஆயம் என்றால் சங்கப் பாடல்களில் தலைவியைச் சூழ்ந்த தோழியர் கூட்டம். ஆயம் என்றால் வருவாயும்கூட; தமிழ் விவிலியத்தில் மத்தேயு ஆயக்காரன். சூதாட்டக் காயும் ஆயம்தான். கூடி நிற்பதும் வரி வாங்குவதும் சூதாடுவதும் ஒரே சொல்லில் அடங்குகிறதென்றால் அரசியலுக்கு இதைவிட என்ன வேண்டும்? 'ஆ' என்ற பசுவிலிருந்து மந்தை, மந்தையிலிருந்து செல்வம் என்று இந்த வேரை இன்னும் பின்னால் கொண்டுபோகலாம்...

ம. எழுதியது:

ஐயா, வெள்ளிக்கிழமை.

இ. எழுதியது:

கோ. ஐயாவின் சுற்றுவழி ஓரிடத்தில் தற்செயலாகச் சரியாக வந்து முட்டுகிறது. டவுன்ஸ் வழக்கே ஆயம் பற்றியதுதான். புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ஆரஞ்சுப் பழத்துக்கு நியூயார்க்கில் சுங்கம் வாங்கலாமா என்பதே வழக்கு. வாங்கலாம், தீவு அமெரிக்காவுக்குச் சொந்தம், ஆனால் அமெரிக்காவின் பகுதி அல்ல என்றது தீர்ப்பு. எனவே அதற்கு 'உறுப்பாகா ஆட்சிப்பகுதி' போதும். அந்தச் சொல்லின் லத்தீன் வேரும் உடம்புதான்.

'எஸ்தாதோ' விஷயத்தில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1952 பிப்ரவரியில் அந்தத் தீவின் அரசமைப்பு மன்றமே இதே வேலையைச் செய்தது. ஸ்பானியப் பெயரை ஆங்கிலத்தில் நேராகப் பெயர்த்தால் 'ஸ்டேட்' என்ற சொல் மாநிலம் என்று பொருள்படும் என்பதால், மொழிக்கொரு பெயர் என்று தீர்மானம் போட்டார்கள். ஆகவே தமிழில் 'மாநிலம்' வரவே கூடாது. மாநிலத் தகுதி என்பது எதிரணியின் கோரிக்கை; வரைவில் 'இணைப்பு' என்றது அதைத்தான். புதுச்சேரிக்குக் கேட்பது போல.

'லிப்ரே' என்பதற்காகத் 'தன்னரசு' என்றும் எழுதாதீர்கள். 2012 சீட்டில் 'இறைமையுள்ள' என்ற அடையோடு இதே பெயர் ஒரு தெரிவாக வந்தது. தன்னரசு என்றாலே இறைமை உண்டு, பிறகு அடைக்கு என்ன வேலை? 'தன்னாட்சி' என்று குறைத்தால் இரண்டும் பிரியும்: இணைத் தன்னாட்சி அரசு, இறைமையுள்ள இணைத் தன்னாட்சி அரசு.

கோ. எழுதியது:

'உறுப்பாகா' தட்டையாக இருக்கிறது. 'உடம்படா ஆட்சிப்பகுதி' என்க. உடம்பும் வருகிறது, உடன்பாடும் வருகிறது.

அடுத்தது, இணைத் தன்னாட்சியில் அந்த 'த்' எதற்கு? வினைத்தொகையில் வல்லினம் மிகாது: ஊறுகாய், சுடுசோறு, இணைகோடு. இணைந்த, இணைகின்ற, இணையும் மூன்று காலமும் மறைந்து நிற்கட்டும். அந்தத் தீவின் சண்டையே அந்தக் காலம் எது என்பதுதானே.

ம. எழுதியது:

இணைகோடுகள் ஒருநாளும் சந்திப்பதில்லை, ஐயா. இணைச் செயலாளர் என்று ஒற்றோடுதானே எழுதுகிறோம்? அங்கே இணை பெயர்ச்சொல். 'உடம்படா' என்றால் மாணவர் 'சம்மதிக்காத' என்று படிப்பார். 1952 மார்ச் 3 வாக்கெடுப்பில் அரசமைப்புக்கு மக்கள் சம்மதம் தந்தார்கள்.

இ. எழுதியது:

பெயர்ச்சொல்லாக்கினால் வாஷிங்டனுக்கு இணை என்ற தொனி வரும். இப்போதைய நிலையை ஆதரித்த மக்கள் ஜனநாயகக் கட்சி அதைத்தான் சொல்லிவந்தது. 2016இல் சான்செஸ் வாயே வழக்கில் உச்ச நீதிமன்றம், தீவின் அதிகாரத்துக்கு ஊற்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்தான் என்றுவிட்டது. இருந்தாலும் பெயர் வைத்தவர்கள் விரும்பிய தொனி என்பதால் ஒற்று இருக்கலாம்.

பெயரைவிட அட்டவணைதான் என்னை உறுத்துகிறது. வரைவில் '2012: மாநிலத் தகுதி 61%' என்று மட்டும் இருக்கிறது. அந்தச் சீட்டில் கேள்வி இரண்டு. இப்போதைய நிலை தொடரட்டுமா என்ற முதல் கேள்விக்கு 54% வேண்டாம் என்றார்கள். மாற்று எது என்ற இரண்டாவதை ஏறக்குறைய 4.98 லட்சம் பேர் வெறுமையாக விட்டார்கள். 61% என்பது இரண்டாவதற்குப் பதில் சொன்னவர்களில் மட்டும். விழுந்த மொத்தச் சீட்டில் 45%க்கும் கீழே. இரண்டு நிரல் போடுங்கள். 2017க்கும் அப்படியே: 97% மாநிலத் தகுதி, ஆனால் அதைக் கேட்காத மற்றக் கட்சிகள் புறக்கணித்ததால் வாக்காளரில் வந்து வாக்களித்தவர்கள் 23%. 'வாக்காளர்', 'வாக்களித்தோர்' இரண்டையும் கலக்காதீர்கள்.

1998இல் வென்றது 'மேற்கண்ட எதுவும் இல்லை', 50.3%. சீட்டில் தன்னாட்சிக்கு எழுதியிருந்த விளக்கத்தை அதன் ஆதரவாளர்களே ஏற்காமல் அந்தக் கட்டத்தில் குத்தினார்கள். அதை 'செல்லா வாக்கு' என்று பெயர்த்திருக்கிறார்கள். தவறு.

தெ. எழுதியது:

வாக்கெடுப்புக்கு என்ன சொல்? எங்கட அரசியலமைப்பில் மக்கள் தீர்ப்பு.

இ. எழுதியது:

தீர்ப்பு என்றால் கட்டுப்படுத்த வேண்டும். 1967, 1993, 1998, 2012, 2017, 2020, 2024 ஏழும் காங்கிரஸைக் கட்டுப்படுத்தவில்லை. 1952 மார்ச்சுக்கு மட்டும் மக்கள் தீர்ப்பு. மற்றவை நிலை வாக்கெடுப்பு.

ச. எழுதியது:

அச்சகத்துக்கு அனுப்பும் பட்டியல்: உறுப்பாகா ஆட்சிப்பகுதி. இணைத் தன்னாட்சி அரசு. 'ஃப்ரீ அசோசியேஷன்' என்பதற்கு என் பரிந்துரை 'உடன்படிக்கைத் தோழமை'. அதற்கு யாரும் வேறு சொல் தரவில்லை. 1898க்கு 'கையளிப்பு'. மாநிலத் தகுதி. அட்டவணையில் இரண்டு நிரல். காமன்வெல்த் ஒரே ஒரு முறை, அடிக்குறிப்பில்.

தெ. எழுதியது:

அடிக்குறிப்பிலாவது பொதுநலவாயம் என்று போடலாம்.

கோ. எழுதியது:

ஒற்று மிகாது.