பல் சிகிச்சையும் சேர்ந்த குரூப் பாலிசி எடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. அதைத் தாண்டியவர்களுக்கு முதலாளி குரூப் மெடிக்கல் பாலிசி எடுத்திருக்கிறார். ஆனால் அதில் விபத்தில் பல் உடைந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பணம். சொத்தைப் பல்லுக்கு ஒன்றும் கிடையாது. எங்கள் கட்டிங் மாஸ்டர் கடைவாயில் கிராம்பை அடக்கிக்கொண்டே துணி வெட்டுகிறார். செலவுக்குப் பயந்து வேர் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

அடுத்த மாதம் ரினியூவல். பல் சிகிச்சையையும் ஓ.பி.டி.யில் (ஆஸ்பத்திரியில் தங்காமல் பார்க்கும் வைத்தியத்தில்) சேர்க்க முதலாளி சம்மதித்துவிட்டார். அப்படிச் சேர்த்தவர்கள் சொல்லுங்கள்: வேர் சிகிச்சைக்கும் அதற்குப் பிறகு பல்மேல் போடும் கேப்புக்கும் பணம் வருகிறதா, இல்லை பல் சுத்தம் செய்வதோடு சரியா? பாலிசி தொடங்கியபின் பல்லுக்குப் பணம் கேட்கக் காத்திருப்புக் காலம் எவ்வளவு? உள்ளூர் கிளினிக் பில்லை ஏற்கிறார்களா?