அயர்லாந்து உள்நாட்டுப் போர் பற்றிய நூல்கள் தேவை

நண்பர்களுக்கு வணக்கம். 1921 டிசம்பரில் பிரிட்டனுடன் லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தத்தை அயர்லாந்து நாடாளுமன்றம் 64க்கு 57 என்ற வாக்குகளில் ஏற்றுக்கொண்ட பிறகு, அதுவரை பிரிட்டனுக்கு எதிராகத் தோளோடு தோள் நின்றவர்களே 1922 ஜூனில் ஒருவரையொருவர் சுடத் தொடங்கியது ஏன் என்பதை விரிவாக ஆராயும் நூல்களைத் தேடுகிறேன்.

எனக்குக் கிடைத்தவை ஒப்பந்தத்தை ஆதரித்த மைக்கேல் காலின்ஸா, எதிர்த்த டி வலேராவா என்ற வழக்கிலேயே நின்றுவிடுகின்றன. அதில் எனக்கு அலுப்புத் தட்டிவிட்டது. அன்றைய விவாதங்களில் வட அயர்லாந்து தனியே பிரிந்த நாட்டுப் பிரிவினையைவிட பிரிட்டிஷ் மன்னருக்கு எடுக்க வேண்டிய விசுவாசப் பிரமாணமே அதிகம் பேசப்பட்டது என்பதுதான் என்னை உறுத்துகிறது. அந்தப் போரில் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகம் தகர்ந்தபோது பல நூற்றாண்டு ஆவணங்கள் எரிந்து, கருகிய தாள்கள் நகரெங்கும் பறந்து விழுந்ததைப் பற்றித் தனி நூல் இருந்தாலும் சொல்லுங்கள்.

தமிழிலோ எளிய ஆங்கிலத்திலோ இருக்கலாம். பழைய பிரதியானாலும் விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.