கேசட்டில் எடுத்த கூத்து வீடியோவைச் சுருக்கினால் ஆட்கள் ஒல்லியாகிவிடுகிறார்கள்: ஏன்?

அணைக்கட்டுக்காரன்

வணக்கம். எங்கள் ஊர் அணைக்கட்டுப் பக்கம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்தபோதெல்லாம் இரவுக் கூத்து, அர்ச்சுனன் தபசு, படுகளம், தீமிதி என எல்லாவற்றையும் என் தாய்மாமா கேசட்டில் பதியும் எச்.டி.வி. கேமராவில் எடுத்து வைத்திருக்கிறார். அவற்றில் ஆடிய பெரியவர்கள் சிலர் இன்று உயிரோடு இல்லை. பெங்களூரிலும் துபாயிலும் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பார்ப்பதற்காக இவற்றை இணையத்தில் ஏற்ற நினைக்கிறேன்.

கேசட்டிலிருந்து ஃபயர்வயர் கேபிள் வழியாகக் கணினிக்கு எடுத்தாகிவிட்டது. அசல் கோப்பை விஎல்சி பிளேயரில் ஓட்டினால் படம் சரியாக இருக்கிறது. ஆனால் வலைக்காக மூன்றில் இரண்டு பங்காகச் சுருக்கினால் கோணலாகிறது. கோப்பின் அளவு 1440×1080 என்று காட்டுகிறது, அதனால் 960×720 என்று கொடுத்தேன். வந்த படத்தில் நிற்கிறவர்கள் எல்லாரும் நெடுநெடுவென்று ஒல்லியாகத் தெரிகிறார்கள். தோளில் கட்டும் புஜக்கட்டைகள் உடம்போடு ஒட்டிக்கொண்டதுபோல் ஒடுங்கிவிட்டன. படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் மட்டும் நேர்மாறாகக் குட்டையாகத் தெரிகிறான்!

கைபேசியில் எடுத்த 1920×1080 வீடியோவையும் அதே மூன்றில் இரண்டு பங்காகத்தான் சுருக்கினேன். அது 1280×720 ஆக வந்தது, எந்தக் குறையும் இல்லை. ஒரே கணக்கு இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வருவது ஏன்? கட்டைக்கூத்தில் அந்தக் கிரீடமும் புஜமும்தான் வேடத்தின் கம்பீரம். அவை சிதைந்த நிலையில் வீடியோவை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

ராணிப்பேட்டை ஸ்டூடியோ

தம்பி, துரியோதனன் குட்டையாகத் தெரிகிறான் என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரியே போதும். படம் பக்கவாட்டில் மட்டும் சுருங்கியிருக்கிறது. நிற்பவனுக்கு அகலம் குறையும், படுத்திருப்பவனுக்கு நீளம் குறையும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்றும் சொல்லிவிடலாம்: சரியாக நான்கில் ஒரு பங்கு.

எச்.டி.வி. என்பது 2003இல் வந்த முறை. பழைய டிஜிட்டல் கேசட்டிலேயே, அதே நொடிக்கு 25 மெகாபிட் வேகத்தில் உயர்தரப் படத்தைப் பதிய வேண்டியிருந்தது. 1920 பிக்சல் அகலத்தையும் முழுதாகப் பதிந்தால் அந்த வேகத்துக்குள் அடக்குவது கடினம். ஆகவே அகலத்தை 1440 ஆகக் குறைத்துப் பதிந்தார்கள். ஓட்டும்போது ஒவ்வொரு பிக்சலையும் மூன்றில் நான்கு பங்கு அகலமாக விரித்துக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு கோப்புக்குள் இருக்கும். 1440ஐ 4ஆல் பெருக்கி 3ஆல் வகுத்துப் பாருங்கள், 1920 வரும். விஎல்சி அந்தக் குறிப்பைப் படித்து விரிக்கிறது. நீங்கள் பயன்படுத்திய மென்பொருள் அதை விட்டுவிட்டது. கைபேசி வீடியோவில் பிக்சல் சதுரமாகவே இருப்பதால் அங்கே விரிக்க ஒன்றும் இல்லை.

எனவே கோப்பு 1440 என்று சொல்வதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்து, காட்சி விகிதம் (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) என்ன என்று முதலில் பாருங்கள். உங்கள் கோப்புக்கு 16:9 என்று காட்டும். அதற்குரிய சதுரப் பிக்சல் அளவு 1280×720. வீடியோவை மாற்றும் ஹேண்ட்பிரேக் மென்பொருளைப் பயன்படுத்தினால் 'அனமார்ஃபிக்' என்ற இடத்தில் 'நன்' என்று வைத்து இந்த அளவைக் கொடுங்கள். கட்டளை எழுதி இயக்கும் எஃப்எஃப்எம்பெக் என்றால் அளவை மாற்றும் ஸ்கேல் வடிகட்டியில் 1280, 720 என இரண்டையும் எழுதி, பிக்சல் விகிதத்தை 1 என்று குறித்துவிடுங்கள்.

இன்னொன்று. ஹேண்ட்பிரேக் கறுப்பு ஓரங்களைத் தானாக வெட்டும். கூத்துக்களத்தில் விளக்கு விழாத ஓரங்கள் இருட்டாக இருக்கும். அதைக் கறுப்புப் பட்டை என்று எடுத்துக்கொண்டு வெட்டிவிட வாய்ப்பு உண்டு. வெட்டிய படத்தை 1280×720க்குள் இழுத்தால் மறுபடியும் கோணல்தான். தானாக வெட்டுவதை நிறுத்திவிடுங்கள்.

அணைக்கட்டுக்காரன்

மிக்க நன்றி அண்ணா. 1280×720 கொடுத்ததும் புஜம் விரிந்து நின்றது, பார்க்கவே நிறைவாக இருந்தது. ஆனால் ஆட்டக்காரர் சுழன்று ஆடும் இடங்களில் கை, பாவாடை ஓரமெல்லாம் சீப்புப் பல்போலக் கோடு கோடாகக் கலைகிறது. இதையும் சரிசெய்ய முடியுமா? மாமாவிடம் இதற்கும் முந்தைய கேசட்டுகள் சில இருக்கின்றன. அவை 720×576 என்று காட்டுகின்றன. அவற்றையும் அகலத் திரைக்கு மாற்றிவிடலாமா?

ஆம்பூர் வலை

கோடுகள் பற்றி ஸ்டூடியோ அண்ணா சொல்வார். நான் வலைப்பக்கங்கள் செய்கிறவள், அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன். கோப்பு சரியாக இருந்தாலும் பக்கத்தில் கெட்டுப்போவது உண்டு. வீடியோவின் அகலத்தை 100 சதவீதம் என்றும், உயரத்தை 'ஆட்டோ' என்றும் விடுங்கள். இரண்டுக்கும் எண் கொடுத்து, பொருத்தும் முறையை 'ஃபில்' என்று வைத்தால் உலாவி இழுத்து நிரப்பிவிடும்.

பார்ப்பவர்களில் பலர் கைபேசி டேட்டாவில்தான் பார்ப்பார்கள். அசல் 25 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 11 ஜிபி. விடிய விடிய எட்டு மணி நேரக் கூத்து 90 ஜிபி ஆகும். 720க்கு நொடிக்கு இரண்டரை மெகாபிட் வைத்தால் மணிக்கு ஒரு ஜிபிக்குச் சற்று மேல் வரும். கூடவே 640×360 அளவில் ஒரு சிறு பிரதியும் வையுங்கள். அதுவும் துல்லியமான 16:9தான். 480 உயரம் வேண்டுமென்றால் அகலம் 853.33 என்று வரும். இரட்டைப்படை எண் தேவை என்பதால் 854 வையுங்கள், அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஹேண்ட்பிரேக்கில் 'வெப் ஆப்டிமைஸ்டு' பெட்டியில் டிக் செய்ய மறக்காதீர்கள். அதைச் செய்தால் கோப்பு முழுவதும் இறங்கும்வரை காத்திருக்காமல் படம் ஓடத் தொடங்கும். ஃபிரேம் நொடிக்கு 25 போதும் என்பது என் கருத்து.

ராணிப்பேட்டை ஸ்டூடியோ

அம்மா சொன்னதில் கடைசி வரியை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

அந்தக் கேமரா ஒரு ஃபிரேமை இரண்டு பாதியாகப் பதிகிறது. ஒற்றை வரிகள் ஒரு கணத்தில், இரட்டை வரிகள் அடுத்த கணத்தில். நொடிக்கு 50 கணங்கள். அசையாத இடத்தில் இரண்டும் பொருந்திவிடும். சுழலும்போது கை நகர்ந்துவிடுவதால் பல் பல்லாகத் தெரிகிறது. இதைப் பிரித்துச் சீராக்குவதுதான் டி-இன்டர்லேஸ். அதைச் சுருக்குவதற்கு முன் செய்ய வேண்டும். முதலில் சுருக்கிவிட்டால் இரண்டு கணங்களின் வரிகளும் ஒன்றோடொன்று குழைந்துவிடும், அதன்பிறகு எந்த வடிகட்டியாலும் பிரிக்க முடியாது. ஆகவே தம்பி, ஏற்கெனவே சுருக்கிய கோப்பைத் திருத்த முயலாமல் அசலிலிருந்தே மறுபடியும் தொடங்குங்கள்.

டி-இன்டர்லேஸ் செய்யும் யாடிஃப் அல்லது பிவ்டிஃப் வடிகட்டியில் 'பாப்' என்று ஒரு தேர்வு உண்டு. அது ஒவ்வொரு பாதியையும் ஒரு முழு ஃபிரேமாக்கி நொடிக்கு 50 ஃபிரேம் தரும். ஃபிரேம் ரேட்டையும் 50 என்றே வையுங்கள். 25 வைத்தால் அசைவில் பாதி போய்விடும். கோயில் மண்டபத்தையோ கோட்டை அகழியையோ எடுத்த படம் என்றால் 25 போதும் என்று நானே சொல்வேன். கூத்தில் அடவுதான் உயிர். கால் எங்கே விழுகிறது, எப்போது திரும்புகிறார் என்பதைப் பார்த்து நாளை ஒரு பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டும். பிட்ரேட்டை நொடிக்கு 4 மெகாபிட்டாக உயர்த்துங்கள், மணிக்கு 1.8 ஜிபி ஆகும். டேட்டா குறைவாக உள்ளவர்களுக்கு அம்மா சொன்ன 360 பிரதி இருக்கிறது, அதை 25இலேயே விடுங்கள்.

சிறு பிரதிகளில் முகப்பூச்சின் சிவப்பும் பச்சையும் லேசாக மாறித் தெரிந்தால், நிறக் கணக்கு 709 என்று கோப்பில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உயர்தரப் படத்துக்கு 709, பழைய டிவி தரத்துக்கு 601. குறிப்பு இல்லாமல் உயரம் குறைந்தால் சில பிளேயர்கள் 601 என்று எடுத்துக்கொள்ளும்.

பழைய கேசட்டை அகலத் திரைக்கு இழுக்கவே இழுக்காதீர்கள். அது 4:3இல் எடுத்தது என்றால் சதுரப் பிக்சலில் 768×576 ஆகும், அப்படியே ஏற்றுங்கள். இழுத்தால் எல்லாரும் குண்டாவார்கள். மேலும் கீழும் வெட்டினால் கிரீடமும் சலங்கைக் காலும் போகும். பக்கத்தில் கறுப்புப் பட்டையை நீங்களே சேர்க்கவும் வேண்டாம், யூடியூப் போன்ற தளங்களின் பிளேயரே இடம் விட்டுக் காட்டும். ஒருவேளை அதில் சில கேசட் அகலத் திரையாகவே எடுத்ததாக இருக்கலாம். அதற்கும் 720×576 என்றுதான் காட்டும், ஆனால் மீடியாஇன்ஃபோவில் விகிதம் 16:9 என்று இருக்கும். அவற்றை 1024×576 ஆக்குங்கள்.

கேசட்டுகளை வெயில் படாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். அசல் கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, ஒன்றை மாமா வீட்டிலேயே வையுங்கள்.